வெல்லம் கொடுத்த மேனேஜர்

முதலில் வந்தது இருமல் அல்ல. பஞ்சு மூட்டையைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்தது போன்ற ஓர் இறுக்கம். அதுவும் திங்கட்கிழமைகளில் மட்டும். செவ்வாய்க்கிழமையே விட்டுவிடும். ஞாயிறு லீவு முடிந்து வேலைக்குப் போனால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

எழுபதுகளின் கடைசியில் சங்ககிரிப் பக்கம் ஒரு நூல் மில்லில், புளோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். பேல் என்னும் பெரிய பொதியிலிருந்து பிரித்த பஞ்சை மெஷின் அடித்து, உதறி, தூசி நீக்கும் அறை அது. நீக்கிய தூசி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குள்தான் போனது.

திங்கட்கிழமை இறுக்கத்துக்கு மில்லில் எல்லோரும் சொன்ன காரணம் ஞாயிற்றுக்கிழமைக் கறி. நானும் நம்பினேன். ஆட்டுக்கறியை விட்டேன், கோழியை விட்டேன், கடைசியில் முட்டையைக்கூட விட்டேன். இறுக்கம் என்னை விடவில்லை.

தூசிக்கு மில் கொடுத்த மருந்து வெல்லம். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு கட்டி. தொண்டையில் ஒட்டிய பஞ்சை அது வழித்துக்கொண்டு போய்விடுமாம். எங்கள் மேனேஜர் அதைத் தன் கையாலேயே கொடுப்பார். "நல்லாச் சாப்புடு சாமி. ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று முதுகைத் தடவுவார். அந்தக் கை என்மேல் பட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.

அறைச் சுவரில் தூசியை வெளியே தள்ளப் பெரிய காற்றாடி ஒன்று இருந்தது. ஓட்டினால் நல்ல பஞ்சும் சேர்ந்து போய்விடும் என்று மேனேஜர் அதை நிறுத்தியே வைத்திருப்பார். முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்க வந்தால் மட்டும் ஓடும். அன்றைக்குத்தான் எதிரில் நிற்பவன் முகமே எங்களுக்குத் தெரியும்.

சில வருஷங்களில் இறுக்கம் வாரம் முழுவதும் பரவியது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். பொறுக்கமாட்டாமல் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன்.

"ஆரம்பத்துல திங்கட்கிழமை மட்டும்தானே இருந்துச்சு?" என்று அவரே கேட்டார். நோயின் பெயர் பிசினோசிஸ் (பஞ்சுத் தூசியால் மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நோய்). ஒரு நாள் தூசியில்லாமல் இருந்துவிட்டுத் திரும்பப் போகும்போது அவை கூடுதலாகச் சுருங்குமாம். கறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் வெல்லத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வெல்லம் வயித்துக்குப் போகுது, தூசி நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் எங்கே சந்திக்கும்? அந்த ரூமை விட்டு வெளியே வந்துடுங்க. கெட்டது முழுசாத் திரும்பாது. இதுக்கு மேல கெடாமப் பாத்துக்கலாம்."

மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "ஏனுங்க சார், என்னைய வேற பக்கம் மாத்தி உடுங்க. இல்லீன்னா அந்தக் காத்தாடியவாச்சும் ஓட்டச் சொல்லுங்க."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க சாமி. உனக்கு மட்டும் இனிமே ரெண்டு கட்டி குடுக்கறேன்" என்றார். அவர் கேலி செய்யவில்லை, மனதாரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆட்கள் மூச்சுவிடும் இடத்தில் ஒரு ஷிப்ட் நின்று பாருங்கள். வீட்டு சௌக்கியத்தை அப்புறம் விசாரிக்கலாம். கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். கேட்காததைக் கொடுத்து வாயை அடைக்காதீர்கள்.

வேலையை விட்டேன். மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரையும் வெளிக்காற்றும் மெல்ல வேலை செய்தன. ஒரு தலையணை வைத்துப் படுக்க முடிந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டு ஒரு கட்டு தூக்கினேன். என்னைப் போல அவதிப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், சீக்கிரம் வெளியே வந்தால் இவ்வளவாவது மிஞ்சும்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் சொல்லியனுப்பினார். ஒருவன் நின்றுவிட்டால் அவன் இடத்தை அந்தக் குடும்பத்துக்கே கொடுப்பது அந்த மில்லின் வழக்கம். என் இடம் என் மச்சினன் பழனிசாமிக்காம். கிணறு வற்றி வெள்ளாமை இல்லாமல் கிடந்தான். ஒரு பெண் குழந்தை வேறு. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. தாம்பாளத்தில் பழம் வைத்து மேனேஜருக்கு நன்றி சொல்லக் கிளம்பினார்கள். நான் கத்தினேன்.

"அந்த மனுசன் நல்லது பண்றாரு. நீங்க ஏனுங்க இப்புடி எரிஞ்சு உளுகறீங்க?" என்று என் மனைவி சரசு அழுதாள். என் மூச்சிரைப்பைப் பக்கத்திலேயே படுத்துக் கேட்டவள் அவள்.

டாக்டர் சொன்னதையெல்லாம் பழனிசாமியிடம் சொன்னேன். சிரித்தான்.

"நாந்தான் கறியே திங்கறதில்லீங்களே மாமா. எனக்கொண்ணும் ஆவாது."

இந்த எண்பத்தைந்தாம் வருஷத்தோடு அவன் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. பக்கத்து வீடுதான். மேனேஜர் தங்கமானவர் என்று இப்போதும் சொல்கிறான். திங்கட்கிழமைதோறும் அவன் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். என் மூச்சை அடக்கிக்கொண்டு அவன் மூச்சைக் கேட்கிறேன். போன திங்கட்கிழமை அவன் சைக்கிளை மிதித்து வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தான்.