சந்தனப் பொட்டில் விழுந்த விரிசல்

மெக்கானிக் கோதண்டம் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஆவடி சலூன் ஒன்றில் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக உட்கார்ந்திருந்தேன். சொன்னவர் சலூன்காரர். தொண்டையருகே கத்தியை வைத்துக்கொண்டு சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்ற நாகரிகம் அவருக்கு இல்லை. நுரையைத் துடைத்துவிட்டு அந்த அரைகுறை முகத்தோடே சேக்காட்டுக்குக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அறுபதுகளில் குமணன்சாவடி லாரி புக்கிங் ஆபீசில் நான் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை. எதிரே அவருடைய ஷெட். ஒல்லியான உருவம், காதில் செருகிய அணைந்த பீடி. வண்டி கொண்டுவருபவர்கள் தங்கள் ஊகங்களை அடுக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"நீ இன்னா நெனைக்கிறேன்னு அப்பால சொல்லு. இன்னா பார்த்தே, அத்த மட்டும் இப்ப சொல்லு."

இந்தப் பழக்கம் எனக்கும் இருந்திருந்தால், மேற்கொண்டு எழுத இவ்வளவு இருந்திருக்காது.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்த மாதத்திலேயே எங்கள் பெரிய லாரி மூன்று எஞ்சின் பெல்ட்டுகளை நார்நாராகக் கிழித்துவிட்டது. ஓட்டியவர் முனுசாமி. மனைவி, மூன்று பிள்ளைகள், ஸ்டியரிங் தவிர வேறு பிழைப்புத் தெரியாத மனிதர். "புது பெல்ட்டை வித்துட்டுப் பழசை மாட்டறான் போல" என்று டீக்கடையில் நான் சொன்னேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது. வடை சூடாக இருந்தது. கேட்பதற்கு ஐந்து பேர் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் 'போல' உதிர்ந்துபோய், மிச்சம் முதலாளியின் காதை எட்டியது. மறுநாள் காலை சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி.

"ஒரு தபா கோதண்டம் அண்ணாத்தே பாக்கட்டும் மொதலாளி" என்றார் முனுசாமி. "அவுரும் என்னை திருடன்னு சொன்னா போயிட்றேன்."

கோதண்டம் வந்தார். முதலில் கிழிந்த பெல்ட்டுகளைக் கேட்டு வாங்கி வரிசையாகத் தரையில் வைத்தார். மூன்றும் ஒரே ஓரத்தில் பிய்ந்திருந்தன. "பழச மாட்டியிருந்தா ஒண்ணொண்ணு ஒரு மாதிரி தேஞ்சிருக்கும். இது அத்தினியும் ஒரே எடத்துல கடிச்சிகீது."

எஞ்சினை ஓடவிட்டு, கீச்சிட்ட பெல்ட்டின் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். சத்தம் அடங்கியது, சிறிது நேரத்தில் திரும்பி வந்தது. பெல்ட் கோணலாக ஓடினால்தான் அப்படியாம். வண்டியை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றினார். அந்தப் பெல்ட்டை விறைப்பாகப் பிடித்திருக்க நடுவில் ஒரு சின்ன புல்லி, அதாவது உருளை, உண்டு. தானாக எதையும் ஓட்டாது, சும்மா சுற்றும். ஆபீசில் எனக்கிருந்த உத்தியோகத்தைப் போல. அதை இரண்டு விரலால் அசைத்தார். ஆடும் பல்லைப் போல ஆடியது.

"ரைட்டரே, பூஜைக்குப் பொட்டு வெச்சது நீதானே?"

நான்தான். பக்தி மிகுதியில் கைக்கு எட்டிய போல்ட்டுக்கெல்லாம் சந்தனம் அப்பியிருந்தேன். மற்ற பொட்டுகள் காய்ந்து அப்படியே இருந்தன. புல்லியைப் பிடித்திருந்த இந்த போல்ட்டில் மட்டும், தலைக்கும் அடியிலிருந்த தகட்டுக்கும் நடுவே பொட்டு பிளந்து, இரண்டு பாதியும் விலகி நின்றன. போல்ட் தானாகக் கழன்று திரும்பியிருக்கிறது.

கோதண்டம் அதைக் கழற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போல்ட்டு கழலாம புடிச்சிக்கிற ஸ்பிரிங் வாசர் இல்ல மொதலாளி. பூஜைக்கு முந்தி இத்த மாட்டினவன் நான்தான். போட மறந்துட்டேன். இவன் மேல தப்பு இல்ல."

"உன் தப்பை நீயே சொல்றியேப்பா" என்றார் முதலாளி.

"நான் சொல்லலேன்னா அது இவன் தலைல இல்ல நிக்கும்."

சாவி முனுசாமியிடம் திரும்பிப் போனது. ஆனால் அதன்பின் இரண்டு வருடம் எங்கள் வண்டி எதுவும் அந்த ஷெட்டுக்குப் போகவில்லை. அவருக்கிருந்த வேலையில் பாதி எங்கள் வண்டிகள்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "பெல்ட்ட வித்தான்னீங்களே எல்லாரும், யாரு பார்த்தீங்கோ?" அவர் பார்வை என்மேல் சற்றே தங்கியது. நான் ரசீதுப் புத்தகத்தில் மிக அவசரமாக எதையோ தேடினேன்.

சேக்காட்டில் அவர் வீட்டு வாசலில் முனுசாமியின் லாரி நின்றிருந்தது. இப்போது அவருக்குச் சொந்த வண்டி. 'அண்ணாத்தே என் வண்டியிலதான் போவணும்' என்று முனுசாமி பிடிவாதமாக இருந்தாராம். அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன்.

"முனுசாமி, அன்னிக்கு அந்தப் பேச்சை மொதல்ல கிளப்பினது நான்தான்."

அவர் என் இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியும் ரைட்டரே. அன்னிக்கே சண்டைக்கு வர்றதா இருந்தேன். அண்ணாத்தேதான் வுடல. 'அந்தாளே ஒரு நாள் வந்து சொல்லுவாரு, நீ போய்க் கேக்காதே'ன்னாரு."

"அப்புறம்?"

"வருசா வருசம் ஆயுத பூஜைக்குக் கேப்பாரு, 'ரைட்டரு வந்தாரா'ன்னு. 'இன்னும் இல்லண்ணாத்தே'ம்பேன். சிரிச்சிக்குவாரு."

கோதண்டத்தை வண்டியில் ஏற்றினார்கள். கிளப்புவதற்கு முன் முனுசாமி பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சின்ன புல்லியையும் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. எஞ்சின் ஒரு கீச்சுக்கூட இல்லாமல் கிளம்பியது.

கோதண்டம் அண்ணாத்தே, ரைட்டர் வந்துவிட்டேன். முனுசாமியிடம் சொல்லியும் விட்டேன். உங்கள் காதில் விழும்படி சொல்ல ஒரு நாள் பிந்திவிட்டது. போய் வாருங்கள்.