கீழ்க் கழனிக்குப் போகிற தண்ணீர்

ராயப்பேட்டையை விட்டு வர சனோபருக்குத் துளியும் இஷ்டமில்லை. மகள் ஆஷிகா ஹாஸ்டலுக்குப் போன கையோடு புருஷன் ஜமீர் வேலையை விட்டான். உத்திரமேரூர் பஸ் போகிற வழியில், பெருநகருக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கினான். மருந்து அடிக்காத அரிசி, சாணக் கேஸ், சோலார் விளக்கு என்று தூக்கத்தில்கூடப் பேசினான். "பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சாமான் வேனில் ஏறினாள். ராயப்பேட்டை ஃபிளாட்டில் வாடகைக்கு வைத்த பெண்ணிடமும் பொங்கல் வரை என்றுதான் பேச்சு.

வந்த புதிதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாணக் கேஸ் அடுப்பில் டீ கொதிப்பதற்குள் டீ கேட்ட ஆள் கழனிக்குப் போய்விடுவான். கொடியில் காய்ந்த நல்ல துப்பட்டாவை ஆடு பாதி தின்றுவிட்டு, மீதியையும் தா என்பதுபோல் நின்றது. காலையில் எழுந்ததும் சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். சனோபர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, குச்சியால் கிளறி, கிளறி, ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அழுத அன்றுதான் பவளம் வந்தாள். இவர்கள் கழனிக்குக் கீழே இருக்கிற கழனி அவளுடையது.

"இன்னா பாயம்மா, சாணியப் பாத்து பயந்துகினு கீறே? மாடே பயப்படல."

சொன்னதோடு நிற்கவில்லை. முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் கரைத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டீ கேட்டாள். அன்றிலிருந்து, புல்லுக்கட்டு எடுத்துக்கொண்டு திரும்பும்போதெல்லாம் இவர்கள் மோட்டார் கொட்டகைப் படியில் கட்டை இறக்கிவைத்து உட்காருவாள். ஊர்க் கதையெல்லாம் வரும், அவள் புருஷன் சேட்டுவின் கோபதாபமும் வரும். டீ கொதிக்க நேரமாவது சனோபருக்கு முதல்முறையாகப் பிடித்துப்போனது. அந்தக் காட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

ஒரு சனிக்கிழமை கறி வாங்கிச் சமைத்து, ஒரு டப்பா நிறைய பவளம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள் சனோபர். ஐப்பசி பிறந்துவிட்டது என்று நினைப்பு. அன்று புரட்டாசி கடைசி சனிக்கிழமை என்று ஜமீர் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டாள். வாசலில் கோலமும் மாவிளக்குமாக இருந்த வீட்டில் போய்க் கறியைக் கொடுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு பவளம் வரவில்லை. புல்லுக்கட்டோடு அந்தப் பக்கத்து வரப்பில் சுற்றிப் போனாள். கூப்பிட்டால் "வேலை கீது" என்று கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினாள். சனோபருக்கு டீ இறங்கவில்லை.

ஜமீருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவன் அந்த வாரம் முழுக்க வரப்பில் கிடந்தான். கீழ்ப் பக்கத்து வரப்பில் ஓர் ஓட்டை இருந்ததாம், தண்ணீர் சளசளவென்று கீழே ஓடிக்கொண்டிருந்ததாம். ராயப்பேட்டையில் இவர்கள் பாத்ரூம் ஒழுகுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கத்தாத மாதம் கிடையாது. அந்த அனுபவஸ்தன் சும்மா இருப்பானா? செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து அடைத்துவிட்டு, "இனிமே ஒரு சொட்டு கீழே போகாது" என்று மார்தட்டிக்கொண்டான்.

மழை ரெண்டு நாள் கொட்டிவிட்டு நின்றுபோனது. கார்த்திகையும் வந்தது. இனி பொறுப்பதில்லை, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று சனோபர் ஒரு காலையில் வரப்பேறி நடந்தாள்.

பவளம் தன் கழனியில் குடத்தைச் சாய்த்து, ஓரத்துப் பயிருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்குக் கறி... மாசத்தை மறந்துட்டேன். சத்தியமா வேணும்னு பண்ணல. என்னைத் திட்டுங்க, ஆனா பேசாம இருக்காதீங்க."

பவளம் குடத்தை இறக்கினாள். "கறியா? அத்த எங்க வூட்டுக்காரரு பிரிஜ்ஜுல வெச்சி, ஐப்பசி பொறந்ததும் மொத வேலையா சுட வெச்சித் துன்னாரு. நீ வேற."

"அப்புறம் ஏன்?"

பவளம் குனிந்து, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையும் பயிருக்கு ஊற்றினாள். சனோபர் அப்போதுதான் கீழே பார்த்தாள். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, பயிர் நுனி கருகியிருந்தது. திரும்பிப் பார்த்தால் மேலே தங்கள் கழனியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் மேல் கழனியோடு முடிந்துவிடுகிறது. அங்கே நிறைந்து, வரப்பில் விட்டிருக்கும் மடை வழியாகத்தான் கீழ்க் கழனிக்கு இறங்கியாக வேண்டும். ஜமீர் அடைத்தது அந்த மடையை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!"

"எத்த சொல்லச் சொல்றே? நீயே பொங்கலுக்குப் பொட்டி கட்டிகினு கீறே. இத்த வேற சொன்னா, ஊர்ல சண்டைன்னு நாளைக்கே வண்டி ஏறிடுவே. எங்க வூட்டுக்காரரு கடப்பாரையத் தூக்கிகினு கெளம்பினாரு. நாந்தான் புடிச்சி உக்கார வெச்சேன். ஒரு வெள்ளாமை போனா அடுத்த வெள்ளாமை வரும். நீ போனா வருவியா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "உன் மூஞ்சியப் பாத்தா வாய வுட்டுடுவேன்னுதான் அந்தப் பக்கமா சுத்திப் போனேன்."

தனக்காக ஒருத்தி ஒரு போகத்தையே காயவிட்டிருக்கிறாள். சனோபர் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். ராயப்பேட்டையில் சிலிண்டர்கூட நகர்த்தாதவள், சிமென்ட்டில் ஓங்கிப் போட்டாள். தெறித்ததே தவிர உடையவில்லை.

சத்தம் கேட்டு ஜமீர் ஓடிவந்தான். "என்ன பண்றே, ஒழுகும்!"

"ஒழுகட்டுங்க. கீழ்வீட்டுக்காரங்க தண்ணி வரலைன்னு நிக்கிறாங்க."

அவன் கீழே பார்த்தான். வெடித்த மண்ணையும் குடத்தோடு நின்ற பவளத்தையும் பார்த்தான். முகம் செத்துப்போனது. அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி அவனே இடித்தான். தண்ணீர் புரண்டு இறங்கியது. எங்கிருந்தோ வந்து நின்ற சேட்டு, வெடிப்புகள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பார்த்துவிட்டு, "பாய், டீ கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நால்வரும் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தபோது சனோபரின் போன் அடித்தது. ராயப்பேட்டையில் குடியிருக்கும் பெண்.

"அக்கா, பொங்கலுக்குக் காலி பண்ணணும்னா இப்பவே வேற வீடு பாக்கணும். வருவீங்கதானே?"

ஜமீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சனோபர் போனைக் கையால் மூடிக்கொண்டு பவளத்திடம் கேட்டாள். "இந்தப் பயிர் எப்பக்கா அறுப்பு?"

"காஞ்ச பயிரு தேறி வரணுமே. தை போயி மாசி ஆயிடும்."

சனோபர் போனைக் காதில் வைத்தாள். "நீங்களே இருந்துக்கங்கம்மா. எங்களுக்கு மாசியில இங்க அறுப்பு இருக்கு."

பவளம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ கேட்டாள்.