கபில் கட்சி நரசிம்மலு

எங்கக்கா புருசன் நரசிம்மலு, கணபதிங்கற ஊர்ல இரும்பு வார்க்கற ஒரு பவுண்டரியில மோல்டர். பம்புசெட்டுக்கு மண்ணுல அச்சுப் போடற வேலை. அதை ஒழுங்காத்தான் செஞ்சாரு, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவரைக் கேட்டா அது சைடு தொழில். உலகத்துலயே பெரிய ஆல்ரவுண்டர் கபில்தேவ்தான்னு ஊரை நம்ப வெக்கறதுதான் மெயின் தொழில்.

சாயங்காலம் ஆனா சலூன் பெஞ்சுல போயி உட்கார்ந்துக்குவாரு. முடி வெட்ட வந்தவன் பாதித் தலையோட இவருகிட்ட மாட்டிக்குவான். இங்கிலாந்து ஆல்ரவுண்டர் போத்தம்னு எவனாவது வாயைத் திறந்தா, அந்த ஊர்க் காத்துல எம்பட பொண்டாட்டி போட்டாக்கூட ஸ்விங் ஆகும்பாரு. ஜிம்பாப்வேகூட கபில் அடிச்ச நூத்தி எழுபத்தஞ்சைப் பத்திக் கேட்டா, ஒவ்வொரு சிக்ஸரும் எந்தப் பக்கம் போச்சுன்னு கையை வீசிக் காட்டுவாரு. அந்த மேட்ச்சை எந்த டிவியிலயும் காட்டவே இல்லீங்க. பார்த்ததெல்லாம் அந்த மைதானத்துல இருந்தவங்களும் எங்க மச்சானும்தான். இத்தனைக்கும் மனுசன் கையில பந்து பிடிச்சதே கிடையாது. தெருப்பசங்க பந்து உருண்டு வந்தா ஒதுங்கி வழி உடுவாரு.

இவருக்கு மதிவதனின்னு தங்கமாட்டம் ஒரு பொண்ணு. காந்திபுரத்துல எஸ்டிடி பூத்துல வேலை. அங்க போன் பேச வந்த கதிருங்கற பையனை அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. கருமத்தம்பட்டிப் பையன், தறி மெக்கானிக். ரெண்டு ஊட்டுலயும் அழுது மல்லுக்கட்டி, ஒருவழியா பொண்ணு பார்க்க வந்தாங்க. தொண்ணூத்தி நாலு பிப்ரவரி. கபில் ஹேட்லியோட விக்கெட் கணக்கைத் தாண்டி உலக ரெக்கார்டு போட்ட அதே வாரம். நேரத்தைப் பாருங்க.

எங்க பக்கம் ஒரு வழக்கம். பேச்சு முடியாம மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கை நனைக்க மாட்டாங்க. இலையில உட்கார்ந்து ஒரு வாய் தின்னுட்டா, அப்புறம் யாரும் பின்வாங்கக் கூடாது. அன்னிக்கு நகை பேசி, நாள் பேசி, எல்லாம் முடிஞ்சு இலை போட்டாச்சு. எங்கக்கா செவ்வந்தி வடையை வெச்சுட்டு சோத்துக்கு உள்ளே போனா. அதுக்குள்ள மாப்பிள்ளையோட அப்பா சென்னகிருஷ்ணன், ரெக்கார்டு கிடக்குது உடுங்க, அந்தக் கால ஆல்ரவுண்டர் சோபர்ஸ் மாதிரி இனி ஒருத்தன் பொறக்கோணும்னாரு. வேகமும் போடுவாராம், சுழலும் போடுவாராம், ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸரும் அடிப்பாராம். அந்தாளும் சோபர்ஸைப் பேப்பர்ல பார்த்ததோட சரி.

மச்சான் வாயை மூடிட்டு இலையைக் காட்டியிருந்தா கல்யாணம் முடிஞ்சுது. எந்திரிச்சு நின்னாரு.

“கபில் அருமை தெரியாத ஊட்டுக்கு எம்பட பொண்ணை எப்படீங்க அனுப்பறது?”

மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. சென்னகிருஷ்ணனும் அதே மரியாதையோட, சரிங்க, நாங்க வாரோமுங்கன்னு கிளம்பிட்டாரு. வடை இலையிலயே கிடந்துது.

தாய்மாமனாச்சே, நான் சும்மா இருக்க முடியுங்களா? கருமத்தம்பட்டிக்கு நடையா நடந்து, கால்ல உழாத குறையாக் கெஞ்சினேன். கடைசியில சென்னகிருஷ்ணன் எறங்கி வந்தாரு. உங்க மச்சான் இங்க வந்து, சொந்தபந்தம் முன்னால சோபர்ஸ்தான் பெரிய ஆளுன்னு சொல்லட்டும், மறுநாளே வந்து கை நனைக்கறோம்னாரு. ஒரு கூறு கெட்டவனுக்கு இன்னொரு கூறு கெட்டவன் சம்பந்தி. ஆனா வேற வழியில்லை.

கிளம்பறப்ப மதிவதனி அப்பன் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிப்போட்டு வந்துருங்கப்பான்னா. பஸ்ஸுல வழி நெடுக நான் பாடம் நடத்தினேன். சொல்லோணும், கும்பிடோணும், கிளம்போணும். அதுக்கு மேல மூச்சு உடக் கூடாது. சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளைன்னு தலையை ஆட்டினாரு.

அங்க ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்துது. மச்சான் தொண்டையைச் செருமினாரு.

“சோபர்ஸ்தானுங்க பெரிய ஆளு.”

எனக்கு உசிரு வந்துது. சென்னகிருஷ்ணன் மூஞ்சியிலயும் சிரிப்பு. கும்பிடக் கையைத் தூக்கின மனுசன் பாதியில நிறுத்தினாரு.

“ஆனாங்க…”

அவ்வளவுதான், போச்சு. நம்மூர்க் கட்டாந்தரைப் பிட்ச்சுல வருசம் முச்சூடும் வேகப்பந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்க உங்க சோபர்ஸைன்னு ஆரம்பிச்சவரு, நிறுத்தவே இல்லை. நான் இழுத்த இழுப்புல சட்டைத் தையல் உட்டுப்போச்சு. கதிராவது ஏதாச்சும் சொல்லுவான்னு பார்த்தேன். வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி செவுத்தோரம் நின்னான், தண்டம். சென்னகிருஷ்ணன் உள்ளே போயி கதவைச் சாத்திக்கிட்டாரு. வேற இடத்துல பையனுக்குப் பொண்ணு பார்த்துக்கறோம்னு ஒரு பெரியவர் வந்து சொல்லிட்டுப் போனாரு.

ஊட்டுக்கு வந்தா, மதிவதனி வாசல்லயே நின்னுட்டிருந்தா. என் மூஞ்சியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த மனுசன் அவகிட்டயும் ஆரம்பிக்கறாரு. நீயே சொல்லு கண்ணு, அத்தனை பேரு முன்னால கபிலை உட்டுக்குடுத்துப் பேச முடியுமாங்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கயே ஓங்கி ஒண்ணு வெச்சிருப்பேன்.

அவ அழலை. சத்தம்கூடப் போடலை.

“கபிலுக்காகப் பேச நாடே இருக்குதுங்கப்பா. எனக்காகப் பேசத்தான் உங்களை அனுப்புனேன்.”

சொல்லிட்டு உள்ளே போயிட்டா. ஊருக்கே பதில் வெச்சிருந்த மனுசன், தையல் உட்ட சட்டையோட வாசப்படியில உட்கார்ந்துட்டாரு.