மெதாம் என்றதும் ஒரு கோடு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மணி நான்கு பத்து. ஐந்து மணிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றி நான் பேச வேண்டும். முன்வரிசையில் பிரெஞ்சு படித்த குமாஸ்தாக்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும், பின்னால் மில் தொழிலாளர் குடும்பங்களும் இருப்பார்களாம். பேச்சு தமிழில்தான். 'தாய்மார்களே, பெரியோர்களே' என்பதை மட்டும் பிரெஞ்சிலும் சொல்ல, அகராதி பார்த்து எழுதி வந்திருக்கிறேன். முதல் சொல்லுக்கே சிரித்துவிட்டார்கள் என்றால் மீதிப் பேச்சு எடுபடாது.

"மெஸ்டேம்ஸ், மெஸ்ஸியர்ஸ்" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

பக்கத்தில் இருப்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். என் வயதுதான் இருக்கும். "யாரை சார் திட்றீங்க?" என்கிறார்.

தாளைக் காட்டுகிறேன்.

"மெதாம், மெசியே. அவ்ளோதான். பிரெஞ்சுல கடைசி எழுத்தெல்லாம் சும்மா நிக்கும் சார், வாயத் தொறக்காது." அவர் விரல் தாளின் மேல் மூலைக்குப் போகிறது. "இங்க 'மெதுவாக'ன்னு இருக்கே, இது உங்க கையெழுத்து இல்லியே?"

"இது பழைய பேச்சுத் தாள். என் சம்சாரம் எழுதினது. நான் வேகமாப் பேசிடுவேன்னு எழுதி வச்சா. போன தையில தவறிட்டா. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் மேடை ஏறறேன்."

அவர் டீயை ஒரு வாய் குடிக்கிறார். "பொம்பளைங்களைத்தான் மொதல்ல கூப்பிடணும். மெதாம்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்க, சார்."

பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கோடு போடுகிறேன். தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது. நான் அதை அழிக்கவில்லை.