சாரல் மாதத்து மாத்திரை

"சார், நம்ம வடிவு சிஸ்டர் தவறிட்டாவ" என்று போனில் சொன்னவர் மாடசாமி அண்ணாச்சி. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வடிவுக்குக் கீழப்பாவூரில் வீட்டிலேயே மாரடைப்பாம். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. இத்தனை டாக்டர்கள் இருக்கும் ஊரில் எனக்குச் சேதி சொன்னது ஒரு நோயாளி. இதே மாடசாமியை ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியை விட்டே விரட்டியவன் நான்.

தென்காசியில் சர்க்கரை நோய்ப் பிரிவில் நான் டாக்டர், சண்முகவடிவு நர்ஸ். பதினோரு வருடம் ஒரே அறை. உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். "காலை எடுத்தாத்தான் புத்தி வருமா?" என்று கத்தினால்தான் ஆள் வழிக்கு வருவான் என்று நம்பியவன். வடிவு ஒரு தடவை சொன்னார்: "நீங்க ஏசுனா அவிய மாத்திரை போட மாட்டாவ சார். போட்டேன்னு பொய்தான் சொல்லுவாவ." சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நான் திருந்தவில்லை.

ஒரு வருடம் குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கிய கையோடு மாடசாமிக்குச் சர்க்கரை எகிறியது. வலது கால் பெருவிரலில் புண். விசாரித்தால், மாத்திரையை நிறுத்திவிட்டாராம். "அருவித் தண்ணில மூலிகை கலந்து வருதுல்லா சார், தெனமும் குளிக்கேன். சீசன் முடியுத வரைக்கும் மாத்திரை எதுக்கு?" இப்படிச் சொல்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல, சாரல் வந்தால் எங்கள் மாத்திரைகளுக்கு லீவு. நான் குதித்தேன். "அப்ப புண்ணையும் அருவிகிட்டயே காட்டும்! இங்கன எதுக்கு வந்தீரு?" மனுஷன் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வடிவு என்னிடம் ஒன்றும் சொல்லாமல், மருந்துப் பெட்டியோடு மதியம் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார். விரல் போய்விடுமோ என்று எனக்கும் அடித்துக்கொண்டது; நானும் அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். அருவிக்கரையில் ஈரக் கல்லில் உட்கார்ந்து மாடசாமியின் புண்ணைத் துடைத்துக் கட்டினார். மூலிகையைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "மாத்திரை போட்ட நாள்ல ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், நானும் அடங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாடசாமி வாய் திறந்தார். "சீசன்ல கூட்டம் விடாதும்மா. காலைல மாத்திரையப் போட்டுட்டு வந்தா, சாப்பிட மூணு மணி ஆயிருது. ஒருநா ஒருத்தருக்குத் தேச்சிட்டு இருக்கும்போதே கை நடுங்கி, கண்ணு இருட்டிட்டு வந்துட்டு. குடிகாரப் பயன்னு ஏசிட்டு எந்திச்சுப் போயிட்டாரு. இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா எவன் என்கிட்ட முதுகக் காட்டுவான்?"

மூலிகை வெறும் சாக்கு. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாத்திரை எழுதிய மகராசன் நான். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர் என்று ஒருநாளாவது கேட்டேனா? வெட்கமாக இருந்தது. "என்ன செஞ்சா ஒங்களுக்குத் தோதுப்படும்?" என்று வடிவு அவரையே கேட்டார். "நாலு இட்லி தின்னுட்டுத்தான் இனி எண்ணெயத் தொடணும்" என்றார் அவர். நான் மாத்திரையை மாற்றி எழுதினேன். புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறியதும் முதல் வேலையாக அருவியில் போய்க் குளித்துவிட்டு வந்து எங்களிடமே சொன்னார். வடிவு விழுந்து விழுந்து சிரித்தார்.

கீழப்பாவூரில் துக்கம் கேட்கப் போனபோது மாடசாமி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் காலைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

வடிவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியும், கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதும்தான். இரண்டாவதுதான் பெரும்பாடு. போன வாரம் குத்துக்கல்வலசையிலிருந்து ஓர் அம்மா வந்தார். இரண்டு மாதமாக மாத்திரை போடவில்லை. ஏசல் தொண்டை வரை வந்துவிட்டது. "போட்ட நாள்ல எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா தரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.