பிலிஸுக்கு மட்டும் வேலை

சிரிலும் பிலிஸும் ஊரின் ஒரு கோடியில், ஔந்த் பகுதியில், ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. கல்யாணமான புதிதில் பிலிஸை அங்கே சேர்த்துவிட்டதே சிரில்தான்.

போன வருஷம் அந்த வேலைக்கு மென்பொருள் வந்தது. சிரில் ஒரு நாள் முழுக்க அடித்ததை, அது டீ ஆறுவதற்குள் அடித்துப் போட்டது. அதன் தவறுகளைத் திருத்தச் சிலர் போதும் என்று பிலிஸை வைத்துக்கொண்டார்கள். சிரிலை அனுப்பிவிட்டார்கள்.

காலையில் சிரில்தான் சப்பாத்தி சுட்டு அவளுக்கு டப்பா கட்டுவார். அவள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். சாயங்காலம் அவள் ஆபீஸ் கதை பேசினால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். ஒரு ஞாயிறு சர்ச் வாசலில், அவர்களுக்குத் தெரிந்த டேனியல், "பிலிஸ் டீம் லீடர் ஆயிட்டாங்களாமே," என்று கைகொடுத்தார்.

"ஆமா, மிஷினுக்கு லீடர்," என்றார் சிரில். பிலிஸ் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

வேலை மலிவாக முடிந்ததால் பிலிஸின் அலுவலகத்துக்குப் புதிய மருத்துவமனைகள் வாடிக்கையாக வந்து சேர்ந்தன. அவர்களோடு பேச ஆள் தேவைப்பட்டது.

"உங்க பேரைச் சொல்லட்டுமா? என் டீம்தான்," என்றாள் பிலிஸ்.

"உனக்குக் கீழயா?"

"ஏங்க கீழ மேலன்னு பாக்குறீங்க?"

"மேல இருக்கவளுக்கு அது தெரியாது."

அவள் மறுபடி கேட்கவில்லை. சிரில் ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் ஒரு சின்ன மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் சேர்ந்தார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

மழை கொட்டிய ஒரு நாள் பிலிஸ் நனைந்து வந்து, ஹெல்மெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புது சாஃப்ட்வேர் வருதாம். திருத்தறதுக்கும் பாதிப் பேர் போதுமாம். யார் இருப்பாங்கன்னு அடுத்த வாரம் சொல்வாங்களாம்."

சிரிலுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. பிலிஸ் ஹெல்மெட் பட்டையைக் கழற்ற முடியாமல் திணறினாள். அவர் போய்க் கழற்றிவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தார். அப்போது தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் மேஜையில் இருக்கும்போது போன் வந்தது.

"என்னை வச்சுக்கிட்டாங்க," என்றாள் பிலிஸ்.

"நல்லது. பாத்து வீட்டுக்குப் போ," என்றார் சிரில்.

எதிரே நின்ற நோயாளியின் பெயரை மூன்றாவது தடவைதான் சரியாக எழுதினார்.