பூக்கடை வாசலில் ஒரு கள்ளி

இன்று காலை பக்கத்து வீட்டுக் கவிதா ஒரு தொட்டியோடு வந்து நின்றாள். கள்ளிச்செடி. முள்ளுக்கு நடுவே பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருந்தது. "ஆன்டி, செத்துருமா?" என்றாள். மாவுப்பூச்சிதான். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிட்டேன். அதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், அடித்தண்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஏன் அமுக்கினேன் என்று கேட்டால் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்குப் படிப்பு மூன்றாம் பாரத்தோடு சரி. கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் வசந்தா அக்காவின் பூக்கடைக்கு மாலை கட்டப் போவேன். பயந்த சுபாவம். ரயில் நடுவழியில் நின்றாலே வேலை போய்விடும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண் திருஷ்டிக்காகக் கடை வாசலில் அக்கா ஓர் உருண்டைக் கள்ளி வைத்திருந்தார். பூக்கடைக்காரர் கை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வாளியில் முக்கி உதறிக்கொண்டே இருக்கும். மல்லிக்கு ஓர் உதறு, ரோஜாவுக்கு ஓர் உதறு, வரிசைக் கடைசியில் இருந்த பாவத்துக்குக் கள்ளிக்கும் ஓர் உதறு. அக்காவும் உதறுவார், நானும் உதறுவேன். கை உதறுவது மூளைக்குத் தெரியாது.

செடி மஞ்சளாகி ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே லெட்சுமி அக்காவுக்கும் பூ வியாபாரம்தான். நார் தீர்ந்தால் அங்கிருந்து வரும், வெற்றிலை தீர்ந்தால் இங்கிருந்து போகும், அப்படி ஒரு சிநேகிதம்.

"கல்யாண ஆர்டர் நமக்கு வந்துச்சுல்ல, அவ வந்து மாலையெல்லாம் பார்த்துட்டுப் போனா. மறுநாளே இது சாயுது. கண்ணு லா, வேற என்ன?"

அன்றோடு லெட்சுமி அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். செடி வாடுகிறதே என்று அக்காவும் நானுமாக இன்னும் கொஞ்சம் தண்ணீர் உதறினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். தொட்டியை நகர்த்தலாம் என்று செடியைப் பிடித்தேன். விரல் உள்ளே இறங்கியது. அழுகிய வெங்காய நாற்றம். பதறினால் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும்.

"அக்கா, கண்ணும் இல்ல ஒன்னும் இல்ல. நாம ஊத்துன தண்ணிதான். வேரே அழுகிருச்சு."

தெருவுக்கே கேட்டது. பூ வாங்க நின்ற அங்கிள் ஒருவர், "திருஷ்டி புடிக்க வெச்சது, சளி புடிச்சுப் போயிருச்சு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எதிரே லெட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை; யார் கண்ணைச் சொல்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டிக்கொண்டிருந்த கை நாரிலேயே நின்றது. வசந்தா அக்கா என்னைப் பார்க்காமல், "அந்த ரோஜாவ எடு" என்றார். நான் அக்காவை உள்ளே கூப்பிட்டு, காதோடு சொல்லியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

செடியைக் காப்பாற்றிவிட்டேன். பழுப்பு போய்ச் சுத்தமான பச்சை தெரியும்வரை அடியைச் சீவினேன். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் கிடத்தினேன். பிறகு மணலும் பொடிக்கல்லும் கலந்து உட்கார வைத்து, வேர் பிடிக்கும்வரை என் ஈரக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அக்காவால்தான் தெருவைக் கடக்க முடியவில்லை. நார் வேண்டுமென்றால் என்னை அனுப்புவார். லெட்சுமி அக்கா நாரைக் கொடுத்துவிட்டு, "அவள வரச் சொல்லு, நான் ஒன்னும் நெனைக்கல" என்பார். வந்து சொல்வேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? எல்லார் முன்னாலயும் கேட்டுருச்சே."

என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

லெட்சுமி அக்கா கடையை விட்டுவிட்டு காஜாங்கில் மகள் வீட்டுக்குப் போன அன்று, லோரியில் சாமான் ஏறும்வரை அக்கா உள்ளே குனிந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். அன்று யாரும் மாலை கேட்கவில்லை.

இப்போது அக்கா கடையும் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு இடத்திலும் கைப்பேசிக் கடை, ஒரே முதலாளியாம். இந்தக் கடைப் பெண் எதிர்க்கடைப் பெண்ணிடம், "சாப்பிட்டியா லா?" என்று தெருவைத் தாண்டிக் கத்திக் கேட்டாள். அவள் இன்னும் இல்லை என்று கையாட்டினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.